வாயால் சொல்லக் கூடாதது

டிரைவரை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது ஒரு கருநீலச் சட்டைத் துணி. அதைப் பாலித்தீன் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, உள்ளே வரலாமா வேண்டாமா என்று என் கடை வாசலில் நின்றார். கடைக்கு மேலே ‘லேடீஸ் டெய்லர்’ என்று போர்டு இருந்தது. அடுத்த தெருவில் ஆண்களுக்குத் தைக்கிற கடை. இரண்டையும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வந்ததாகப் பிற்பாடு சொன்னார். அளவெடுத்து முடித்ததும் நான் வழக்கம்போல, பொத்தான் எந்தப் பக்கம் வைக்க என்று கேட்டேன். ஆண்கள் சட்டைக்கு ஒரு பக்கம், பெண்கள் சட்டைக்கு மறுபக்கம். போடுகிறவர்களில் பாதிப்பேர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டிரைவர் கவனித்திருந்தார். சிரித்துக்கொண்டே, “பொத்தானே வேண்டாம் டெய்லரம்மா, தலை வழியாப் போடுற மாதிரி தைச்சிருங்க” என்றார். அப்படியே தைத்துக் கொடுத்தேன்.

இதை எழுதவே எனக்குப் பயமாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அபிராமத்தில் பிறந்து மிளகாய்க் கொல்லையும் கருவேலங்காடும் பார்த்து வளர்ந்தவள். கல்யாணமாகி இந்தக் கரைக்கு வந்த புதிதில் கடலைக் கண்டு பயம். வீட்டுக்காரர் சவூதிக்குப் போன பிறகு வாசல் தாழ்ப்பாளைக் கண்டு பயம், போட்டேனா இல்லையா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரக் கொஞ்சம் தாமதித்தால் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுவேன். அதனால் ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சாயல்குடிப் பக்கம், கடலை ஒட்டிய ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயரையும் சொல்ல மாட்டேன். டிரைவருக்கு அது ஒரு குறையே இல்லை, அவரை ஊரில் யாருமே பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் ஒரு லோடு ஆட்டோ வைத்திருந்தார். எங்கள் ஊரில் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பார்கள். அவர்களைக் காலையில் கரைக்குக் கொண்டுபோய் விடுவது, மதியம் ஈரப் பாசி மூட்டைகளோடு அவர்களையும் ஏற்றிக்கொண்டு வருவது, மூட்டைகளை வியாபாரி கொட்டகையில் இறக்குவது, இதுதான் அவர் வேலை. கைலியும் நான் தைத்த சட்டையும் உடுத்தியிருப்பார். காதில் பொட்டுப் போலத் தோடு, வெள்ளிக்கிழமை ஆனால் காதோரம் ஒரு துண்டு மல்லிகைப்பூ. குரலை மட்டும் கேட்டால் அண்ணன் என்பதா அக்கா என்பதா என்று முடிவுக்கு வர முடியாது. அந்த முடிவுக்கு வராமலே காலம் தள்ள ஊர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. சின்னப் பிள்ளையிலிருந்து ஊர்த் தலைவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் டிரைவர்தான். “டிரைவர் வந்துட்டாகளா?”, “டிரைவருக்கு ஒரு டீ குடு.” முன் சீட்டில் அவர் பக்கத்தில் எந்த வீட்டுப் பெண் உட்கார்ந்து போனாலும் யாரும் தப்பாகப் பேசியதில்லை. விசைப்படகில் ஐஸ் ஏற்றும் இடத்தில் அவர் ஆண்களோடு நின்று பீடி குடித்தாலும் பேசியதில்லை. கோயில் கொடைக்குப் பெண்கள் முளைப்பாரி தூக்கிக்கொண்டு ஒரு வரிசை, ஆண்கள் காவடி தூக்கிக்கொண்டு ஒரு வரிசை. டிரைவர் மைக் செட் வண்டியை ஓட்டிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் ஊர்ந்து போவார். பாட்டும் அவர் போடுவதுதான்.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். ஒவ்வொரு துணி தைக்க வரும்போதும் பேசிப் பழகியிருந்தோம், உரிமையில் கேட்டதுதான். திருநங்கை என்கிறார்களே, அவர்களைப் போலவா என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர்களில் சிலரை அவருக்குத் தெரியும், நல்ல மனுஷங்க என்றார். அவர்கள் பெண்ணாக இருக்க விரும்பிப் பெண்ணாக ஆனவர்கள். தனக்கு அந்தக் கரையும் இல்லை, இந்தக் கரையும் இல்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் என்று, ரேஷன் கடையில் என்ன போடுகிறார்கள் என்று சொல்வதைப் போலச் சாதாரணமாகச் சொன்னார். பாசிக்காரப் பெண்கள் கரையேறும் நேரத்தில் ஒருமுறை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, தலையைச் சுற்றித் துண்டு, கண்ணில் கண்ணாடி, விரல்களில் துணிச் சுற்று. யார் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. “பாத்தீங்களா டெய்லரம்மா, கடலுக்குள்ள எல்லாருக்கும் ஒரே யூனிபாரம்தான். கரைக்கு வந்தாத்தான் இந்தப் பஞ்சாயத்தெல்லாம்” என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. அன்றைக்கெல்லாம் பயப்பட எதுவும் இருக்கவில்லை.

பயம் எந்த நாளில் உள்ளே வந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. வெளியூர் வேலைக்குப் போயிருந்த மூன்று பையன்கள் ஊருக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களை எனக்குத் தெரியும், ஒருவனுடைய அம்மா என்னிடம்தான் ஜாக்கெட் தைப்பாள். டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு டிரைவரைப் பார்த்துக் கனைப்பதும் சீட்டியடிப்பதுமாக ஆரம்பித்தது. பிறகு அவர் நடப்பதை யாரோ பின்னாலிருந்து செல்போனில் படம் பிடித்து, அதில் ஒரு கேலிப் பாட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். அது என் போனுக்கும் வந்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், அதே வாயால் மறுநாள் காலையில் டிரைவரை வண்டி எடுக்கச் சொன்னார்கள். அவர் வெள்ளிக்கிழமைப் பூ வைப்பதை நிறுத்தினார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பூ இல்லாத காதைப் பார்த்த அன்று, வெளிச்சம் இருக்கும்போதே நான் கடையைச் சாத்தினேன்.

நடந்தது பட்டப்பகலில். மதியச் சாப்பாடு முடிந்து தெரு அடங்கிக் கிடந்த நேரம். கரண்டு போயிருந்தது. என் மெஷின் மோட்டார் ஓடவில்லை, எதிர்க் கடை ரேடியோ பாடவில்லை. அதனால்தான் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. டிரைவர் என் கடைக்கு எதிரே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மூன்று பேரும் வந்தார்கள். ஒருவன் கதவைத் திறந்தான், ஒருவன் காலைப் பிடித்து இழுத்தான். அவர் மண்ணில் விழுந்ததும் ஒருவன் சொன்னான். சொன்னதை இங்கே எழுதத்தான் போகிறேன், இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். சொல்லிக்கொண்டே கைலியைப் பிடித்து இழுத்தார்கள். அவர் விடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்த கையின் மேல் ஒருவன் வண்டியிலிருந்து எடுத்த ஜாக்கிக் கம்பியால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டதா, இல்லை கேட்டதாக நான் பிற்பாடு நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை, ஆனால் இப்போதும் கேட்கிறது.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. கை என்னையறியாமல் கடை ஷட்டரைப் பிடித்துக் கீழே இழுத்தது. உள்ளே ஒளிந்துகொள்ளத்தான் இழுத்தேனோ என்னவோ. பாதியில் அது மாட்டிக்கொண்டது. மேலே தள்ளினேன், கீழே இழுத்தேன், மேலே தள்ளினேன். தகரம் அந்தத் தெருவே அதிரும்படி அலறியது. அந்தச் சத்தத்தில்தான் பாசிக்கார அக்கா ஓடிவந்தாள். மூழ்கப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பையன்கள் ஓடவில்லை, மெதுவாக நடந்து போனார்கள். போகும்போது ஒருவன் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருஷமும் தூங்கி எழுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று கேள்வி வந்தபோது டிரைவரே, ரெண்டும் வேண்டாம், வெளி நடையில் ஒரு கட்டில் போட்டால் போதும் என்று கேட்டுக்கொண்டாராம். நான் பார்க்கப் போனபோது மாவுக்கட்டுக் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு அந்த நடையில் படுத்திருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தேன். யாராவது தலைமாட்டில் செருப்புத் தேய்த்து நடந்தாலே அவர் உடம்பு விறைத்தது.

எங்கள் ஊரில் எது நடந்தாலும் முதலில் ஊர்க் கூட்டம். ஊரைக் கேட்காமல் ஸ்டேஷன் படி ஏறினால் ஊரை அவமதித்ததாகக் கணக்கு. கோயில் முன்னால் மணலில் ஆண்கள் உட்கார்ந்தார்கள், பெண்கள் பின்னால் நின்றோம். டிரைவர் கட்டுப்போட்ட கையோடு நடுவில் நின்றார். ஊர்த் தலைவர் நல்ல மனிதர், இன்றைக்கும் நான் அவரை அப்படித்தான் சொல்வேன். பையன்களைக் கடுமையாகவே திட்டினார். பிறகு, என்ன நடந்தது என்று பாசிக்கார அக்காவைக் கேட்டார். அவள், அசிங்கமாகப் பேசி அடித்தார்கள் என்றாள். என்ன பேசினார்கள் என்று யாரோ கேட்டதற்கு அவள் வாயெடுக்கும் முன்னே தலைவர் கையைத் தூக்கித் தடுத்தார். “அது வேண்டாம்மா. வாயால சொல்லக் கூடாதத இங்கன சொல்ல வேண்டாம், பொம்பளைப் பிள்ளைக நிக்கிது” என்றார். எல்லாருக்கும் அப்பாடா என்றிருந்தது. எனக்கும்தான். நாங்கள் அப்படி வளர்ந்தவர்கள். திட்டியவனுக்கு வாய் கூசாது, அதைக் கேட்டவர்களுக்குத்தான் திரும்பச் சொல்லக் கூசும். அந்த வார்த்தை கூட்டத்தில் வராமலே போனது. வராமல் போனதால் அங்கே மிஞ்சியது ஒரு அடிதடி, மூன்று பையன்கள் ஒரு டிரைவர், வண்டி நிறுத்திய தகராறு. மூவரும் டிரைவர் காலில் விழுந்தார்கள், கோயிலுக்கு அபராதம் என்று தீர்ப்பானது. அதோடு தலைவர் ஒரு யோசனையும் சொன்னார், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். இனி வம்பு வராமலிருக்க டிரைவர் ஏதாவது ஒரு மாதிரியாக உடுத்திக்கொண்டால் நல்லது, ஆண் மாதிரியோ பெண் மாதிரியோ, ஊருக்கு எதுவானாலும் சம்மதம் என்றார்.

டிரைவர் கூட்டம் கலையும் முன்பே வீட்டுக்கு நடந்துவிட்டார். மறுநாள் என் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். “என்னைய ஏன் அடிச்சானுகன்னு கூட்டத்துல ஒருத்தரும் சொல்லலையே டெய்லரம்மா” என்றார். நான் துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், நிமிரவில்லை. அவர் தொடர்ந்து, தான் ஸ்டேஷனுக்குப் போகப் போவதாகவும், அடித்ததற்குச் சாட்சி நிறைய இருந்தாலும் அவர்கள் பேசியதை முதலிலிருந்து கடைசிவரை கேட்டது நான் ஒருத்திதான் என்றும் சொன்னார். பாசிக்கார அக்கா ஓடிவந்தபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. சாக்கட்டி என் கையில் உடைந்தது. வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போனில் அவர், நமக்கெதுக்கு ஊர் வம்பு, பொம்பளைப் பிள்ளையை வச்சுக்கிட்டு இருக்கே என்றார். நியாயமான பேச்சுத்தான். என் வாயில் இருந்ததைத்தான் அவர் அங்கிருந்து சொன்னார். இருந்தும் நான் போனேன். தைரியம் வந்து போகவில்லை. போகாவிட்டால் டிரைவர் என் கடை வாசல் வழியாகத்தானே தினமும் வண்டியை ஓட்டிப் போவார், அந்த முகத்தைப் பார்க்க அதைவிடப் பயமாக இருந்தது.

வழியில் நான் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே வருவதைப் பார்த்துவிட்டு டிரைவர் சொன்னார், வண்டி ஓட்டுகிற தனக்கும் ஒவ்வொரு நாளும் பயம் உண்டு, பயம் பாட்டுக்கு இருக்கட்டும், கால் பிரேக்கில் இருந்தால் போதும் என்று. அவர் சொன்னதிலேயே எனக்கு ரொம்ப உதவியது அதுதான், இன்றும் உதவுகிறது.

ஸ்டேஷனில் எழுதுகிறவரை ரைட்டர் என்பார்கள். வயசாளி, மூக்குக் கண்ணாடி போட்டவர், முரட்டு ஆள் இல்லை. டிரைவரைப் பார்த்ததும் ஆணா பெண்ணா, எதை எழுத என்று கேட்டார். ரெண்டும் இல்லை சார் என்றார் டிரைவர். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு மேலே எழுதினார். எங்களோடு வந்திருந்த பாசிக்கார அக்காவைக் கேட்டார். “அசிங்கமாத் திட்டுனானுக சார். வாயால சொல்லக் கூடாத வார்த்தை.” ரைட்டர் தலையாட்டிக்கொண்டே, அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கம்பியால் தாக்கி என்று எழுதினார். எனக்கு அது போதும் போலத்தான் இருந்தது. டிரைவர் குனிந்து அந்தத் தாளைப் படித்தார். “சார், இப்படி எழுதுனா இது சண்டை. நான் யாரோடயும் சண்டை போடல. அவனுக சொன்னத எழுதுங்க, அதுக்காகத்தான் அடிச்சானுக” என்றார். ரைட்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நீங்கள்தான் கேட்டவரா என்றார். ஆமென்றேன். அப்படியானால் வார்த்தை மாறாமல் சொல்ல வேண்டும் என்றார்.

அபிராமத்தில் எங்கள் வீட்டில் சனியன் என்று சொன்னாலே அம்மா வாயில் போடுவாள். நான் யாரையும் அடா என்றுகூடக் கூப்பிட்டதில்லை. அறையில் நாலு போலீஸ்காரர்கள், ஒரு பெண் போலீஸ். எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். ஆண்களை வெளியே போகச் சொல்வார்களா என்று பெண் போலீஸைப் பார்த்தேன், அவள் தரையைப் பார்த்தாள். எனக்கு வியர்த்து ரவிக்கை ஒட்டிக்கொண்டது. கதவுக்கு வெளியே அந்த மூன்று பேர் வீட்டு ஆட்களும் நின்றிருந்தார்கள், நான் சொல்வது அவர்களுக்கும் கேட்கும். அதுவரை என் பயமெல்லாம் அவர்கள் என்னை என்ன செய்வார்களோ என்பது. அந்த நிமிஷத்தில் பயம் வேறாக இருந்தது. அந்த வார்த்தைகள் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்திருந்தன, வெளியே விட்டால் பிறகு நான் யாராக இருப்பேனோ என்ற பயம்.

சொன்னேன். “ஒம்போது, ஒன்னைய அவுத்துப் பாத்து எந்தக் கணக்குன்னு தெரிஞ்சுக்கிடாம விடமாட்டோம். ரெண்டும் இல்லாதது இந்த ஊருல உசுரோட இருக்கக் கூடாது. கொன்னாலும் கேக்க நாதி இல்ல.” இதற்கு நடுவே இன்னும் சில வார்த்தைகள் உண்டு. அவற்றையும் அங்கே சொன்னேன், அச்சில் வேண்டாம். என் குரலில் கேட்டபோது நானே டிரைவரைத் திட்டுவதைப் போல இருந்தது. திரும்பி அவரைப் பார்த்தேன். தன்னைக் கொல்ல வந்த வார்த்தைகளை அவர் இரண்டாம் முறையாகக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மெதுவாகத் தலையசைத்துக்கொண்டிருந்தார், துணிக்கடையில் சீட்டைச் சரிபார்க்கிற மாதிரி. “ஆமா சார், அதுதான்” என்றார் கடைசியில். ரைட்டர் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். பெண் போலீஸ் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வெளியே வந்து சாக்கடை ஓரம் வாந்தியெடுத்தேன். டிரைவர் முறியாத கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார்.

வழக்கு, ஏன் அடித்தார்கள் என்பதோடு சேர்த்தே பதிவானது. பையன்கள் உள்ளே போனார்கள், ஜாமீனில் வந்தார்கள். அதற்குப் பிறகு ஊர் எங்களை ஒன்றும் செய்யவில்லை, எதுவும் செய்யாமல் இருப்பதிலேயே எவ்வளவு செய்ய முடியும் என்று காட்டியது. டிரைவர் வண்டிக்குச் சவாரி நின்றது. பாசிக்கார அக்கா மட்டும் கொஞ்ச நாள் பிடிவாதமாக ஏறினாள், ஒரு நடைக்கு ஒரு ஆள் கட்டுப்படியாகுமா? அவர் வண்டியை விற்றுவிட்டுத் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டப் போனார். என் கடைக்கும் கூட்டம் குறைந்தது. ஸ்டேஷனில் நான் சொன்னது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. அந்தப் பையன்கள் சொன்னது மறந்துபோனது, சொன்னாள் என்ற பெயர் எனக்கு நிலைத்தது. குடும்பப் பொம்பளை வாயில் வருகிற வார்த்தையா என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். ஷட்டரில் அடிக்கடி கல் விழும். திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள்.

கோர்ட்டில் என்னைக் கூப்பிட வருஷங்கள் ஆயின. சம்பவத்தின்போது ஏழாவது படித்த மகள் இப்போது பதினொன்றாவது. விசாரணைக்கு முந்தின சாயந்தரம் டிரைவர் போன் செய்தார். அவர் குரல் தேய்ந்திருந்தது. அந்தப் பையன்கள் வீட்டு ஆட்கள் தூத்துக்குடி வரை வந்து பேசிவிட்டுப் போனார்களாம். “போதும்னு தோணுது டெய்லரம்மா. கை எலும்பு கூடிப்போச்சு. ஞாபகம் இல்லைன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டு வந்துருவோமா?” என்றார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு உடம்பு முழுக்க லேசானது. நாலு வருஷமாக மார்பில் கிடந்த கல் இறங்கியதைப் போல அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மகள் தானும் ராமநாதபுரத்துக்கு வருவேன் என்று அடம்பிடித்தாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நான் லேசான மனதோடு அவளிடம், இன்றோடு எல்லாம் முடிந்தது, அம்மா ஒன்றும் சொல்லப் போவதில்லை என்றேன். அவள் முகம் மாறியது. பின் சீட்டைக் கண்ணால் காட்டினாள். அந்த மூவரில் ஒருவனுடைய தம்பி அங்கே உட்கார்ந்திருந்தான். “அவனும் அவன் கூட்டாளிகளும் தெனமும் பஸ்ஸுல எங்கிட்டச் சொல்லுவானுக. நீ ஸ்டேஷன்ல சொன்னத அப்படியே. ஒங்கம்மா வாயில வந்ததுதானே, நீயும் சொல்லுன்னு சிரிப்பானுக. டிரைவருக்கு ஆனது ஒனக்கும் ஆகும்பானுக.” எப்போதிருந்து என்று கேட்டேன். எட்டாவதிலிருந்து என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், “அத எப்படிம்மா வாயால சொல்றது?”

ராமநாதபுரம் வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கோர்ட் வராந்தாவில் டிரைவர் நின்றிருந்தார், தலை நரைத்து மெலிந்திருந்தார். மகள் அவரிடம் தானாகவே போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை. யாரும் ஒன்றும் பேசி முடிவெடுக்கும் முன்னே உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாட்சி என்பதால் நான் வெளியே இருக்க வேண்டும், மகள் உள்ளே போய் உட்கார்ந்தாள். அவர் என்ன சொல்கிறாரோ என்று தெரியாமல் அந்த வராந்தாவில் நின்றது போல நான் எங்கேயும் பயந்து நின்றதில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மூவரும் கைகட்டி நின்றார்கள். என்ன கேட்டீர்கள் என்றார் அரசு வக்கீல். டிரைவர் உள்ளே என்ன சொன்னார் என்று எனக்கு அப்போதும் தெரியாது. நான் எல்லா வார்த்தையையும் சொன்னேன். என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் அப்படியே சொன்னதாகப் பிற்பாடு அவள்தான் எனக்குச் சொன்னாள்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. நாளைக்கு மகள் விஷயமாகவும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், அவள் போகலாம் என்கிறாள், அவள் வாயாலேயே சொல்வாளாம். கோர்ட்டுக்குப் போன அன்று சாயந்தரம் நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது எங்கள் ஊர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அந்த மூவரும் தம்பிக்காரனும் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். அதை விட்டால் அன்றைக்கு ஊருக்கு வேறு பஸ் இல்லை. மகள் கையைப் பிடித்தபடி படிக்குக் கீழேயே நின்றுவிட்டேன். டிரைவர் தூத்துக்குடி பஸ்ஸில் ஏறப்போனவர், எங்களைத் திரும்பிப் பார்த்தார். “நானும் வாரேன்” என்றார். ஊரை விட்டுப் போன பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர். பஸ்ஸில் பெண்கள் உட்கார ஒரு பக்கம், ஆண்கள் உட்கார மறுபக்கம். இரண்டு பக்கமும் இடம் இருந்தது. டிரைவர் உட்காரவில்லை. எங்கள் சீட்டுக்கும் அவர்கள் சீட்டுக்கும் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.